ஊறல் தண்ணீரில் வளர்த்த பி.டி.யை மெம்பரேனில் பிரிக்கும்போது வரும் கோளாறுகள்

அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவி பக்கம் புழுங்கல் அரிசி ஆலைக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு ஊறல் தண்ணீரின் வாடையைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நெல்லை ஊறவைத்து வடித்த அந்த மஞ்சள் தண்ணீரில் சர்க்கரையும் மாவும் கொஞ்சம் புரதமும் கரைந்திருக்கும். வாய்க்காலில் விட்டால் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்று மீனைக் கொல்லும். அதே தண்ணீரை வடிகட்டி, சோயா மாவு சேர்த்து, 121 டிகிரியில் அரை மணி நேரம் கிருமி நீக்கி, 30 டிகிரியில் நல்ல காற்றோட்டத்தோடு இரண்டு மூன்று நாள் விட்டால் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், அதாவது நாம் பி.டி. என்று சொல்லும் பாக்டீரியா, அதில் செழித்து வளரும். நெல்லில் விழும் இலைச்சுருட்டுப் புழுவைக் கொல்லும் மருந்து அதிலிருந்துதான் வருகிறது.

வளர்ப்பது பாதி வேலை. மருந்தாக நமக்கு வேண்டியது அந்தப் பாக்டீரியாவின் விதையுறையும் (ஸ்போர், அதாவது பாக்டீரியா உறங்கும் கெட்டியான வித்து) அதோடு சேர்ந்து உருவாகும் புரதப் படிகமும். இரண்டும் ஏறக்குறைய ஒரு மைக்ரான் அளவுதான். பி.டி. வளர்ந்த 200 லிட்டர் குழம்பிலிருந்து இவற்றை 20 லிட்டருக்குள் ஒடுக்க, மெம்பரேன் என்ற நுண்துளைச் சவ்வின் மேல் குழம்பைக் குறுக்காக ஓடவிட்டுத் தண்ணீரை மட்டும் வடித்தெடுக்கிறோம். கோளாறு வருவது இந்த இடத்தில்தான். சரியாகச் சொன்னால், கோளாறு கண்ணில் படுவது இந்த இடத்தில்தான். அது பிறந்தது பெரும்பாலும் முந்தின நாள் வளர்ப்புத் தொட்டியிலோ, கழுவிய தண்ணீரிலோ, ஆரம்பித்த முதல் பத்து நிமிடத்திலோ இருக்கும். மெம்பரேன் விலை கூடிய சாமான் என்பதால் எல்லோரும் அதையே சந்தேகப்படுகிறார்கள். நானும் நல்ல மெம்பரேன் ஒன்றைக் கெட்டுப்போனதென்று கழற்றி வைத்திருக்கிறேன். அதனால்தான் அறிகுறியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகும் வழியை இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்வது நார்க்குழல் மெம்பரேனுக்கு, அதாவது நூற்றுக்கணக்கான மெல்லிய குழல்களை ஒரு மாட்யூலுக்குள், ஓர் உறைக்குள், அடக்கிய வகைக்கு. உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர், பொருள் பாலிஈதர்சல்போன். தட்டு வகை வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எதைத் தொடுவதற்கும் முன்னால்

ஒரு நோட்டு வேண்டும். அதில் ஐந்து எண்கள்: குழம்பு உள்ளே நுழையும் இடத்து அழுத்தம், வெளியேறும் இடத்து அழுத்தம், வடிநீர்ப் பக்கத்து அழுத்தம், வெப்பநிலை, நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிநீர். முதல் இரண்டின் சராசரியிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் மெம்பரேனை உண்மையில் தள்ளும் அழுத்தம் கிடைக்கும். நுழைவு 1.4 பார், வெளியேற்றம் 0.8 பார், வடிநீர்ப் பக்கம் 0.1 பார் என்றால் தள்ளும் அழுத்தம் 1 பார். நுழைவு கேஜை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

புது மெம்பரேன் மாட்டிய அன்றே, குழம்பு காட்டுவதற்கு முன், சுத்தமான தண்ணீரை ஓட்டி எவ்வளவு வடிகிறது என்று அளந்து எழுதிவையுங்கள். பிறகு ஒவ்வொரு கழுவலுக்கும் அப்புறம் அதே அழுத்தத்தில் அதே அளவை எடுக்க வேண்டும். மெம்பரேனின் உடல்நிலையைச் சொல்லும் ஒரே சாட்சி இந்தச் சுத்த நீர் அளவு. வெப்பநிலையைக் கூடவே குறிக்க மறக்காதீர்கள். 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரைவிட 35 டிகிரித் தண்ணீர் இளகலானது. அதே அழுத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு கூடுதலாக வடியும். சித்திரை மதியம் எடுத்த அளவையும் மார்கழிக் காலையில் எடுத்த அளவையும் அப்படியே ஒப்பிட்டால், ஒன்றுமே ஆகாத மெம்பரேன் அடைத்துவிட்டதாகத் தோன்றும். நான் கழற்றி வைத்த மெம்பரேன் அப்படிப்பட்டதுதான்.

ஆரம்பித்த கால் மணி நேரத்தில் வடிநீர் பாதியாகிவிடுகிறது

அதிகம் பார்க்கும் கோளாறு இது. கூட நிற்கும் தம்பி உடனே கேட்பான்: "அண்ணாச்சி, பிரஷரை ஏத்தட்டுமா?"

ஏற்றக் கூடாது. மெம்பரேன் மேல் படிந்திருப்பது மாவும் செல் கழிவும் சேர்ந்த மெத்தென்ற படலம். அழுத்தினால் அது இறுகும். இரண்டு நிமிடம் வடிநீர் கூடியதுபோல் இருக்கும், அப்புறம் முன்பைவிடக் குறையும். இறுகிய படலத்தைத் திரும்ப இளக்குவது கஷ்டம்.

அதற்குப் பதிலாக வடிநீர் வால்வை முழுக்க மூடிவிட்டு பம்பை ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். தள்ளும் அழுத்தம் இல்லாமல் குழம்பு மேலாக அரித்துக்கொண்டு போகும். பிறகு வால்வை மெதுவாகத் திறந்து அளந்து பாருங்கள். வேகம் நன்றாகத் திரும்பியிருந்தால் படிந்தது வெறும் மேல்படலம். குறுக்கு ஓட்டத்தைக் கூட்டி, தள்ளும் அழுத்தத்தைக் குறைத்து ஓட்டினால் போதும். திரும்பவில்லை என்றால் அடைப்பு துளைக்குள் இறங்கியிருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று மெம்பரேனைப் பூசியிருக்கிறது. இந்த ஒரு சோதனை செய்யாமல் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள்.

மேல்படலம் என்றால் முதலில் உங்கள் ஆரம்பிக்கும் முறையைப் பாருங்கள். வடிநீர் வால்வைத் திறந்து வைத்துக்கொண்டே பம்பைப் போட்டால், சுத்தமான மெம்பரேன் முதல் நிமிடத்தில் வெறியோடு இழுக்கும், அந்த இழுப்பிலேயே குழம்பு துளை வாயில் போய் அப்பிக்கொள்ளும். வால்வை மூடிப் பம்பைப் போட்டு, ஓட்டம் சீரான பிறகு, பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தைப் பிறகு இரண்டு மணி நேரமாகத் திருப்பித் தரும்.

அடுத்தது சக்கை. உமித் தூள், தவிடு, சோயாத் தோல். குழலின் உள்விட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பெரிதான எதுவும் உள்ளே போகக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் குழலுக்கு 100 மைக்ரான் நைலான் பை வேண்டும். வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுவது நம் வீட்டு வழக்கம்தான், ஆனால் அதன் நூலே பிரிந்து உள்ளே போகும்.

மேல்படலம் இல்லை, பூச்சு என்று தெரிந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி: நுரை அடக்க என்ன ஊற்றினீர்கள், எவ்வளவு? சோயாவும் ஊறல் தண்ணீரும் சேர்ந்தால் இரண்டாம் இரவு நுரை மூடிவரை எழும்பும். பதற்றத்தில் சிலிக்கோன் நுரைநீக்கியைக் கைக்கணக்கில் ஊற்றுவோம். அது கரையாது. துளித்துளியாக மிதந்து வந்து மெம்பரேனில் எண்ணெய் போலப் படிந்துவிடும். ஒரு முறை நான் அப்படி ஊற்றியதில், மூன்று தடவை காஸ்டிக்கில் கழுவியும் சுத்த நீர் அளவு பழைய நிலைக்கு வரவே இல்லை. இப்போது நுரை எழும் நேரத்தில் காற்றைக் குறைத்து, கலக்கியின் மேல் இறக்கையை நுரை மட்டத்தில் வைத்து உடைத்துவிடுகிறேன். மீறினால் பாலிபுரோப்பிலீன் கிளைக்கால் வகையைச் சொட்டுக் கணக்கில் விடுகிறேன். இந்த வகைக்கு ஒரு குணம் உண்டு. குளிர்ந்த நிலையில் கரைந்து நிற்கும், ஒரு வெப்பநிலையைத் தாண்டினால் பிரிந்து துளியாகும். ஆகவே குழம்பைக் குளிரவைத்து ஓட்டினால் பெரும்பாலும் வடிநீரோடு போய்விடும், சூடாக ஓட்டினால் மெம்பரேனில் ஒட்டும்.

இன்னொன்று மிஞ்சிய மாவு. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஆறிய குழம்பில் ஒரு ஸ்பூன் எடுத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். நீலமோ கருநீலமோ வந்தால் பி.டி. தின்னாமல் விட்ட மாவு இருக்கிறது. சூட்டில் கரைந்து நிற்கும் அந்த மாவு ஆறினால் கஞ்சி போலத் திரளும். இந்தத் தொகுதியை மெதுவாக, குறைந்த அழுத்தத்தில் ஓட்டி முடியுங்கள். அடுத்த தொகுதியில், கிருமி நீக்குவதற்கு முன்பே அமிலேஸ் நொதி போட்டு மாவை உடைத்துவிடுங்கள். பி.டி. தானும் அமிலேஸ் சுரக்கும், ஆனால் நாம் கொடுக்கும் அவகாசம் அதற்குப் போதாமல் போகலாம்.

துளை அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 0.2 மைக்ரான் மெம்பரேன் என்றால் வேகம் கூடுதலாக இருக்கும் என்று நினைத்து வாங்குகிறோம். முதல் அரை மணி நேரம் அது உண்மை. பிறகு உடைந்த செல் துணுக்குகள் அந்தத் துளைக்குள்ளேயே போய் மாட்டிக்கொள்ளும். அதைவிட நெருக்கமான 500 கிலோடால்டன் (மூலக்கூறின் எடையை வைத்துத் துளையைச் சொல்லும் அளவு) மெம்பரேனில் துணுக்கு உள்ளே நுழைய முடியாமல் மேலேயே நிற்பதால், ஆரம்ப வேகம் குறைவாக இருந்தாலும் கடைசிவரை தாங்கும். என் கை இப்போது அதற்குத்தான் போகிறது.

கழுவிய பிறகும் சுத்த நீர் அளவு திரும்பவில்லை

எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? தாமிரபரணித் தண்ணீர் மென்மையானது. ஆனால் நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துப் போர்த் தண்ணீரில், சோப்பு நுரைக்காத தண்ணீரில், காஸ்டிக் சோடாவைக் கரைத்தால் அந்த நிமிடமே சுண்ணாம்பு வெள்ளையாகப் பிரியும். அதைத்தான் மெம்பரேனுக்குள் சுற்றவிட்டுக் கழுவுவதாக நினைத்துக்கொண்டிருப்போம். கழுவலுக்கு மட்டுமாவது ஆர்.ஓ. தண்ணீரோ மென்னீராக்கிய தண்ணீரோ வேண்டும். வாளியில் காஸ்டிக் கரைத்துக் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். மங்கினால் அந்தத் தண்ணீர் ஆகாது.

அடுத்தது வரிசை. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசல். பிறகு காஸ்டிக், லிட்டருக்கு 4 முதல் 10 கிராம், 45 டிகிரியில் 40 நிமிடம். நடுநிலை வரும்வரை அலசல். அதற்கு மேல்தான் சிட்ரிக் ஆசிட், 1 முதல் 2 சதவீதம். புரதத்தையும் மாவையும் காஸ்டிக் எடுக்கும், சுண்ணாம்பையும் இரும்புக் கறையையும் ஆசிட் எடுக்கும். வரிசையை மாற்றி ஆசிடை முதலில் விட்டால், பாலில் எலுமிச்சை பிழிந்த கதைதான். புரதம் மெம்பரேன் மேலேயே திரிந்து கெட்டிப்படும். காஸ்டிக்கை விடும்போது முதல் பத்து நிமிடம் வடிநீர் வால்வு மூடியிருக்கட்டும். அழுக்கு மேலாக இளகிப் போன பிறகு திறந்தால் துளைக்குள் தள்ளப்படாது.

இதற்கும் மசியவில்லை என்றால் காஸ்டிக்கோடு 200 பி.பி.எம். அளவுக்குச் சோடியம் ஹைப்போகுளோரைட் சேர்க்கலாம். பாலிஈதர்சல்போன் இதைத் தாங்கும், பாலிஅமைடு தாங்காது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றாதீர்கள், அதில் இருப்பதே கால்சியம்தான், மறுபடியும் சுண்ணாம்பு. ஹைப்போவை ஆசிடோடு எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய கொட்டகையில் அது உயிரை எடுக்கும். இரண்டுக்கும் நடுவில் நிறைய தண்ணீர் விட்டு அலசி, அப்புறம்தான் அடுத்த வாளியைத் தொட வேண்டும்.

புதிதில் இருந்த சுத்த நீர் அளவில் 80 சதவீதம் திரும்பினால் நான் அடுத்த தொகுதிக்குப் போவேன். 60-க்குக் கீழே நின்றுவிட்டால் மெம்பரேனை மாற்றுவேன். இது நான் எனக்குப் போட்டுக்கொண்ட கோடு.

நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் இடையே அழுத்த வித்தியாசம் ஏறிக்கொண்டே போகிறது

குழல்கள் அடைபடுகின்றன, அல்லது குழம்பு கெட்டியாகிவிட்டது. எத்தனை மடங்கு ஒடுக்கிவிட்டீர்கள் என்று பாருங்கள். பத்து மடங்குக்குப் பக்கத்தில் இருந்தால் குழம்பு மோர்க்குழம்பு பதத்துக்கு வந்திருக்கும், அங்கே நிறுத்திக்கொள்வது நல்லது. ஆரம்பத்திலேயே ஏறினால் குழல் வாயில் சக்கை. மாட்யூலைக் கழற்றி வாயைப் பார்த்தாலே தெரியும். குழம்பு ஓடும் திசையை மாற்றி மாட்டி அலசினால் பெரும்பாலும் வந்துவிடும்.

வடிநீர் கலங்கலாக வருகிறது

எப்போது கலங்கியது என்பதுதான் கேள்வி. வரும்போதே கலங்கல் என்றால் ஏதோ ஒரு வழியாகக் குழம்பு தப்பித்துப் போகிறது. தெளிவாக வந்து, வாளியில் ஆறிய பிறகு கலங்கினால் கரைந்து போன ஏதோ ஒன்று பிரிகிறது. ஊறல் தண்ணீரில் பாஸ்பேட்டும் கால்சியமும் உண்டு. பிஎச் 7-க்கு மேல் போனால் இரண்டும் சேர்ந்து வெள்ளையாக இறங்கும். ஒரு டம்ளரில் கொஞ்சம் சிட்ரிக் ஆசிட் விட்டுப் பாருங்கள். தெளிந்தால் அதுதான், மெம்பரேன் மேல் குற்றம் இல்லை.

வரும்போதே கலங்கலாக இருந்து, மைக்ராஸ்கோப்பில் விதையுறை தெரிந்தால், முதலில் ஓ-ரிங்கைப் பாருங்கள். காஸ்டிக் சூட்டில் ரப்பர் ஊதிப்போய் இடம் மாறியிருக்கும். ஓ-ரிங் நன்றாக இருந்தால் குழல் ஏதாவது அறுந்திருக்க வேண்டும். மாட்யூலைத் தண்ணீரில் நனைத்து, வடிநீர்ப் பக்கத்தைத் தண்ணீரால் நிரப்பி, உள்பக்கம் 0.3 பார் காற்றைக் கொடுங்கள். நனைந்த நல்ல மெம்பரேன் இந்த அழுத்தத்தில் காற்றை விடாது. அறுந்த குழல் இருந்தால் குமிழ் கோத்துக்கொண்டு வரும். அந்தக் குழலின் இரண்டு வாயையும் எபாக்ஸி வைத்து அடைத்துவிடலாம். நூற்றுக்கணக்கான குழலில் இரண்டு மூன்று போனால் மெம்பரேன் தாங்கும்.

எண்ணிக்கை குறைகிறது

கணக்குப் போட்டுப் பார்க்காமல் இது தெரியாது. 180 லிட்டர் குழம்பில் மில்லிக்கு 20 கோடி விதையுறை என்று வைத்துக்கொள்வோம். அதை 18 லிட்டராக ஒடுக்கினால் மில்லிக்கு 200 கோடி இருக்க வேண்டும். 130 கோடிதான் என்றால் 35 சதவீதம் எங்கே போனது?

வடிநீரை அகார் தட்டில், பாக்டீரியா முளைக்கும் ஊட்டத் தட்டில், விதைத்துப் பாருங்கள். அங்கே இல்லை என்றால் குழாயில். மாட்யூல், பம்ப், வளைவுகளில் 3 லிட்டர் தங்கினாலே 18-ல் ஆறில் ஒரு பங்கு போயிற்று. முடித்தவுடன் கொஞ்சம் வடிநீரையே திரும்ப ஊற்றி, வடிநீர் வால்வை மூடி, சும்மா சுற்றவிட்டு எடுத்தால் அதில் நிறைய மீளும். மூன்றாவது, உண்மையில் இழப்பே இல்லாமல் எண்ணுவதில் பிழை. ஒடுக்கிய குழம்பில் விதையுறைகள் கொத்தாக ஒட்டிக்கொள்ளும், ஒரு கொத்து தட்டில் ஒரே புள்ளியாகத்தான் முளைக்கும். நீர்க்கும் தண்ணீரில் 0.1 சதவீதம் ட்வீன்-80 (சோப்புப் போலக் கொத்தைப் பிரிப்பது) சேர்த்து நன்றாகக் குலுக்கி எண்ணுங்கள்.

எண்ணிக்கை சரி, புழு சாகவில்லை

எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான். பிசானப் பருவ நெல்லில் இலைச்சுருட்டு விழுந்த வயலுக்கு மருந்து கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் வரப்பில் நின்று சுருட்டிய இலையைப் பிரித்தால், உள்ளே புழு உயிரோடு நெளிகிறது. அந்த விவசாயியின் முகத்தைப் பார்ப்பது கஷ்டம்.

விதையுறை எண்ணிக்கை மருந்தின் வீரியத்தைச் சொல்லாது. கொல்வது படிகப் புரதம். புழுவின் நடுக்குடல் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரத்தில் படிகம் கரைந்து, குடல் நொதிகளால் வெட்டுப்பட்டு, நஞ்சாகிக் குடல் சுவரில் ஓட்டை போடுகிறது. காரத்தில் கரையும் என்ற அந்தக் குணம் நமக்கு இரண்டு பக்கமும் வெட்டும். கழுவிய காஸ்டிக் குழாயின் முட்டுச் சந்துகளில், வடிநீர்ப் பக்கத்தில், கேஜ் குழாயில் தங்கியிருந்தால், படிகம் புழுவின் வயிற்றுக்குப் போவதற்கு முன்பே நம் மெம்பரேனில் கரைந்து வடிநீரோடு போய்விடும். விதையுறைக்கு ஒன்றும் ஆகாது, எண்ணிக்கை அழகாகவே இருக்கும். அலசிய தண்ணீரின் பிஎச்சைத் திரும்பும் குழாயில் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். மாட்யூலின் அடி வால்விலும் வடிநீர் வாயிலும் தனித்தனியாகப் பாருங்கள். மூன்றும் உள்ளே விட்ட தண்ணீரின் பிஎச்சோடு ஒத்துப்போக வேண்டும்.

அது சரியாக இருந்தால் மைக்ராஸ்கோப்புக்குப் போங்கள். கூமாசி நீலம் போட்டால் படிகம் கருநீலமாகப் பிடிக்கும், விதையுறை சாயம் ஏறாமல் முட்டை வடிவில் நிற்கும். படிகமே இல்லாமல் விதையுறை மட்டும் நிறைய தெரிந்தால் பயப்பட வேண்டிய ஒரு காரணம் உண்டு. பாசில்லஸ் சீரியஸ். பி.டி.யின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். தட்டில் இரண்டும் ஒரே மாதிரி முளைக்கும், படிகத்தை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். மண்ணில் வாழும் அது அரிசியிலும் சாதாரணமாக இருக்கும். ஆக்கிய சோற்றை வெளியில் வைத்துச் சாப்பிட்டு வாந்தி வருவதற்கு அது ஒரு காரணம். அதன் விதையுறை கொதிக்கும் தண்ணீரில் சாகாது. ஊறல் தண்ணீரை "நல்லா கொதிக்கவெச்சோம்" என்று சொல்லி விதைத்தால் வளர்வது இதுவாக இருக்கலாம். 121 டிகிரி, அழுத்தத்தில், அரை மணி நேரம். இதில் சலுகையே கிடையாது. மெம்பரேன் இரண்டையும் ஒரே மாதிரி பிடித்து ஒடுக்கிக் கொடுக்கும், அதற்கு வித்தியாசம் தெரியாது. படிகம் தெரியாத தொகுதியை வயலுக்கு அனுப்பாதீர்கள். கிருமி நீக்கிக் கொட்டிவிடுங்கள்.

படிகம் இருக்கிறது, ஆனால் குறைவு என்றால் அறுவடை நேரம். செல் உடைந்து விதையுறையும் படிகமும் வெளியே வர வேண்டும். பத்தில் எட்டு ஒன்பது செல் உடைந்ததும் எடுத்துவிட வேண்டும். அதற்கு முன் எடுத்தால் படிகம் முற்றியிருக்காது, விட்டுவைத்தால் குழம்பில் இருக்கும் புரதம் தின்னும் நொதிகள் படிகத்தை அரிக்கும். வெயில் காலத்தில் பம்ப் சுற்றச் சுற்றக் குழம்பும் சூடாகும், நொதிக்கு அது கொண்டாட்டம். எடுத்தவுடன் குளிரவைத்து, பிஎச்சை 5-க்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

இன்னொரு இழப்பு கண்ணுக்கே தெரியாது. வி.ஐ.பி.-3 என்ற புரதம், கைட்டினேஸ் முதலிய நொதிகள் எல்லாம் குழம்பில் கரைந்திருக்கின்றன. படிகம் செய்யும் வேலைக்கு இவை கைகொடுக்கும். 0.2 மைக்ரானிலும் 500 கிலோடால்டனிலும் இவை வடிநீரோடு ஓடிவிடும். வி.ஐ.பி.-3 ஏறக்குறைய 88 கிலோடால்டன். பிடிக்க வேண்டிய புரதத்தின் அளவில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ துளை அளவு இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆகவே வடிநீரை 10 முதல் 30 கிலோடால்டன் மெம்பரேனில் இரண்டாம் முறை ஓட்டி, வருவதைப் படிகக் குழம்போடு சேர்க்கலாம். செலவு கூடும். முதல் கட்டம் ஒழுங்காக ஓடாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் சாகவில்லை என்றால் சோதித்த புழுவைப் பாருங்கள். நம் தோட்டத்தில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று புரோடீனியாப் புழுவில் (புகையிலை வெட்டுப்புழு) சோதிக்கிறோம். குர்ஸ்டாகி வகை பி.டி.க்கு அது அவ்வளவாக மசியாது. ஆமணக்கு இலையைத் தின்னும் காவடிப் புழுவில், அதுவும் இளம் புழுவில் சோதியுங்கள். இலையை மருந்தில் முக்கி நிழலில் உலர்த்திக் கொடுத்தால், சில மணி நேரத்திலேயே தின்பதை நிறுத்தும், இரண்டு மூன்று நாளில் சாகும். வயலில் மாலை நேரத்தில் அடியுங்கள், வெயிலின் புறஊதாக் கதிர் இதை வேகமாக அழிக்கும். பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 1901-ல் ஜப்பானில் இஷிவாட்டா இந்தப் பாக்டீரியாவை முதன்முதலில் பிரித்தெடுத்ததே செத்துப்போன பட்டுப்புழுவிலிருந்துதான்.

ட்ரம் ஊதுகிறது, வாடை வருகிறது

ஒடுக்கிய குழம்பில் வேறு ஏதோ வளர்கிறது. பிஎச் 4.5-க்குக் கொண்டுவந்து, பொட்டாசியம் சார்பேட் சேர்த்து, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். அந்த அமிலத்தில் விதையுறை முளைக்காது, படிகமும் கரையாது. ஏற்கெனவே ஊதிய ட்ரம்மைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

விற்பதானால் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீரியமும் கலப்படமும் அங்கே கேட்பார்கள், மேலே சொன்ன நோட்டு அப்போது கைகொடுக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது

பம்ப் நின்ற நொடியில் குறுக்கு ஓட்டம் நின்றுவிடும், ஆனால் குழாயில் உள்ள அழுத்தம் இன்னும் கொஞ்ச நேரம் தள்ளும். படலம் அப்போதுதான் இறுகும். ஆகவே கரண்ட் போனால் முதலில் ஓட வேண்டியது வடிநீர் வால்வை மூட, ஜெனரேட்டரைப் பார்க்க அப்புறம் போகலாம். கரண்ட் இல்லாதபோது தானாக மூடிக்கொள்ளும் சோலனாய்டு வால்வு ஒன்றை வடிநீர்க் குழாயில் போட்டால் இந்த ஓட்டமும் மிச்சம்.

கரண்ட் வந்ததும் வடிநீரைத் திறக்காமல் பத்து நிமிடம் சுற்றவிட்டுத் தொடருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் வரவில்லை என்றால் குழம்பை இறக்கிக் குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, மாட்யூலைக் கையாலேயே தண்ணீர் ஊற்றி அலசி, நிரப்பி வையுங்கள். மெம்பரேன் எந்த நிலையிலும் காயக் கூடாது, ஒரு தடவை காய்ந்தால் துளை சுருங்கிவிடும். நாலைந்து நாள் வேலை இல்லை என்றாலும் இதே கவனம் வேண்டும். நன்றாகக் கழுவிய பிறகு லிட்டருக்கு 4 கிராம் காஸ்டிக் கரைசலில் ஊறவிட்டு இரண்டு பக்கமும் மூடிவிடுகிறேன். ஓட்டுவதற்கு முந்தின நாள் அதை அலசி எடுத்து, அந்த மூன்று இடத்திலும் பிஎச் பார்க்கிறேன்.

மெம்பரேன் கழுவிய காஸ்டிக்கையும் சிட்ரிக்கையும் தனித் தொட்டியில் சேர்த்து நடுநிலையாக்கிய பிறகே ஆலையின் கழிவுநீர்த் தொட்டிக்கு விடுகிறேன். ஹைப்போ கலந்த கழுவல் அதில் சேராது, அதற்கு வேறு ட்ரம். வடிநீரும் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் அதில் கரைந்த சர்க்கரை இன்னும் மிச்சம் இருக்கும், வாய்க்காலுக்கு நேராக விட அது ஆகாது. அதில் ஒரு பகுதியை அடுத்த தொகுதியின் ஊறல் தண்ணீரோடு கலந்து மறுபடி கிருமி நீக்கிப் பயன்படுத்துகிறேன், மீதி கழிவுநீர்த் தொட்டிக்குப் போகிறது.